மூட்டுவாத எலியின் ரத்தத்தில் எந்தப் புரதத்தை நம்புவது?

எம்.பார்ம் மாணவர்கள் ஆய்வுத் திட்டம் எழுதும் மாதங்களில் என் மேசைக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், எலிக்கு மூட்டுவாதம் வரவைத்து மருந்து கொடுக்கப் போறோம். பாத வீக்கம் அளக்குறோம், எடை பார்க்குறோம். ரத்தத்துல என்ன பார்க்கலாம்? சிஆர்பி போட்டுடலாமா?"

கேட்பதில் தப்பில்லை. முடக்குவாதம் என்று மருத்துவரிடம் போகும் மனிதருக்கு முதலில் எழுதிக்கொடுப்பது ஈஎஸ்ஆர் (சிவப்பணு படியும் வேகம்), சிஆர்பி (அழற்சியில் ஏறும் சி-ரியாக்டிவ் புரதம்) இரண்டும்தானே. அதையே எலிக்கும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அழற்சி வந்தால் எலியின் கல்லீரல் மனிதக் கல்லீரல் மாதிரி நடந்துகொள்வதில்லை. வேறு புரதங்களை ஊற்றுகிறது. தப்பான புரதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், மூன்று வாரம் நொண்டி நொண்டி நடந்த முப்பது, நாற்பது எலிகள் பட்ட வலி வீண். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எந்தப் புரதத்தை அளப்பது, எந்த மருந்தோடு ஒப்பிடுவது, எந்த நாளில் ரத்தம் எடுப்பது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஒன்றை மட்டும் தனியாக முடிவு செய்ய முடியாது.

முதலில் எலிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நம்மூர் பார்மசி கல்லூரிகளில் அதிகம் நடப்பது, 1956இல் அமெரிக்காவின் கார்ல் பியர்சன் விவரித்த அட்ஜுவன்ட் முறை. கொன்ற காசநோய் வகைப் பாக்டீரியாவைக் கனிம எண்ணெயில் கலந்த ஃப்ராய்ண்ட் கம்ப்ளீட் அட்ஜுவன்ட், பேச்சுவழக்கில் சிஎஃப்ஏ, பின்பாதத்தின் அடியிலோ வால் அடியிலோ கொஞ்சம் ஏற்றுவார்கள். பாதத்தில் போட்டால் முதல் நாளே வீங்கிவிடும். இது அந்த எண்ணெய்க்கும் பாக்டீரியாவுக்கும் உடம்பு காட்டும் உடனடி எதிர்ப்பு. சில நாளில் சற்றுத் தணியும். பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் ஊசியே போடாத மறுபக்கப் பாதம், முன்பாதங்கள், வால் என்று வீக்கம் பரவத் தொடங்கும். இந்த இரண்டாவது கட்டம்தான் உண்மையான மூட்டுவாதம். பதினெட்டு, இருபத்தொன்றாம் நாள் வாக்கில் உச்சம்.

வீங்கிய மூட்டிலிருந்து இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 போன்ற செய்திப் புரதங்கள் ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அப்போது, முன்னறிவிப்பில்லாமல் நூறு விருந்தாளிகள் வந்து இறங்கிய வீட்டுச் சமையற்கட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அன்றாடச் சமையலான ஆல்புமின், டிரான்ஸ்தைரட்டின் உற்பத்தி குறையும். அவசரத்துக்கு வேண்டிய ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின், ஆல்ஃபா-1 ஆசிட் கிளைக்கோபுரோட்டீன், ஹாப்டோகுளோபின், ஃபைப்ரினோஜென் எல்லாம் அடுப்பேறும். பாடப்புத்தகம் இவற்றை அக்யூட் ஃபேஸ் புரதங்கள் என்கிறது. நான் அவசரப் புரதங்கள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இனி ஒவ்வொன்றாக.

எல்லோரும் கையில் எடுப்பது மொத்தப் புரதமும் ஆல்புமின்-குளோபுலின் விகிதமும். மொத்தப் புரதம் அளக்கும் பையூரெட் கிட்டும் ஆல்புமின் அளக்கும் பிசிஜி கிட்டும் எந்தக் கல்லூரி ஃப்ரிட்ஜிலும் இருக்கும், செலவு குறைவு. மொத்தப் புரதத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஆல்புமின் இறங்கும், குளோபுலின் ஏறும், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி மொத்தம் அதே இடத்தில் நிற்கும். மருந்து வேலை செய்தாலும் அதே எண், செய்யாவிட்டாலும் அதே எண். விகிதம் அப்படியில்லை, நன்றாகவே அசையும். மனிதருக்கு ஆல்புமினின் அரை ஆயுள் கிட்டத்தட்ட 20 நாள். எலிக்கு இரண்டு, மூன்று நாள்தான். எனவே மூன்று வார ஆய்வில் எலியின் ஆல்புமின் இறங்குவதையும் மீண்டும் ஏறுவதையும் பார்க்கவே முடியும்.

ஆனால் பிசிஜி சாயத்தில் ஒரு பொறி உண்டு. புரோமோகிரசால் கிரீன் ஆல்புமினோடு சேர்ந்ததும் பச்சையாகிவிடும். குழாயில் சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) விழுந்த அந்தக் கணத்திலேயே நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். அப்புறம் நேரம் ஆக ஆக ஆல்ஃபா, பீட்டா குளோபுலின்களும் மெதுவாகச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆரோக்கியமான எலியில் இது பெரிய பிழை ஆகாது. மூட்டுவாத எலியில் ஏறியிருப்பதே அந்த ஆல்ஃபா குளோபுலின்கள்தான். பத்து நிமிடம் கழித்துப் படித்தால் இறங்கிய ஆல்புமின் இறங்காத மாதிரி தெரியும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை இதே நடந்தது. ஒரு தட்டு முழுக்கச் சாயம் ஊற்றி முடித்துவிட்டு, கருவி வேறு வேலையில் இருந்ததால் காத்திருந்து படித்தோம். நோய்க் குழுவின் ஆல்புமின் சாதாரணக் குழுவோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பாதமோ எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிக் கிடக்கிறது, ஆல்புமின் மட்டும் எப்படிக் குறையாமல் இருக்கும் என்று சந்தேகப்பட்டு, மிச்ச சீரத்தை எடுத்துச் சாயம் சேர்த்த அரை நிமிடத்திலேயே ஒவ்வொரு குழாயாகப் படித்தோம். வித்தியாசம் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆல்புமினைத் தொகுதி தொகுதியாக ஊற்ற யாரையும் விடுவதில்லை.

சிஆர்பி விஷயத்துக்கு வருவோம். ஆரோக்கியமான மனித ரத்தத்தில் இது ஒரு மி.லி.க்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்கும். கடுமையான தொற்றில் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூட ஏறும். எலியில் கதை தலைகீழ். நோயே இல்லாத எலியின் ரத்தத்திலேயே ஒரு மி.லி.க்கு 300 முதல் 500 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. அழற்சி வந்தால் இரண்டு மடங்கு ஆனால் அதிகம். ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று அளந்து பார்ப்பது மாதிரிதான் இது. எலிக்கு எலி இருக்கும் இயல்பான ஏற்றத்தாழ்விலேயே மருந்தின் விளைவு மறைந்துபோகும். ஒரு குழுவில் ஆறு எலி வைத்து இதைப் பிடிப்பது கடினம்.

இன்னொரு தவறும் இதோடு ஒட்டிக்கொண்டு வரும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கிடைக்கும் லேடெக்ஸ் சிஆர்பி கிட் மனித சிஆர்பிக்கு எதிரான ஆன்டிபாடியால் ஆனது. எலியின் சிஆர்பியை அது அளந்து சொல்லும் என்று நம்பக் கூடாது. அந்த அட்டையில் எலி சீரத்தைச் சொட்டிவிட்டு "நெகட்டிவ், பாசிட்டிவ்" என்று அட்டவணை போட்ட ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். சுண்டெலிக்கான (மவுஸ்) கிட்டும் நாம் வைக்கும் எலிக்கு (ராட்) ஆகாது. சுண்டெலியில் பெரிதாக ஏறுவது சீரம் அமிலாய்டு பி, அமிலாய்டு ஏ. எலியின் பட்டியலே வேறு. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

அப்படியானால் எலிக்கு எது? ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின். இதைத்தான் என் முதல் தேர்வாக எப்போதும் சொல்வேன். வளர்ந்த, நோயற்ற எலியில் இது மி.லி.க்கு சில பத்து மைக்ரோகிராம்தான். அழற்சியில் மில்லிகிராம் கணக்குக்குத் தாவும். நூறு மடங்கு ஏற்றம் என்பது இதற்குச் சாதாரணம். அடிமட்டம் இவ்வளவு தாழ்வாகவும் உச்சி இவ்வளவு உயரமாகவும் இருக்கும் புரதத்தில், மருந்து பாதி வேலை செய்தால் அந்தப் பாதியும் தெரியும். மனிதருக்கு இதே பெயரில் ஒரு புரதம் எப்போதும் நிறைய இருக்கிறது, ஆனால் அழற்சியில் அது பெரிதாக அசைவதில்லை. அதனால்தான் மனித மருத்துவம் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். எலியைப் பற்றி எலியிடம்தானே கேட்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். பழைய கட்டுரைகளில் இதையே ஆல்ஃபா மேக்ரோஃபீட்டோபுரோட்டீன் என்றும் எழுதியிருப்பார்கள். எலிக் கருவிலும் சினை எலியிலும் இது அதிகம் இருப்பதால் வந்த பெயர். பெண் எலிகளை வைத்து ஆய்வு செய்தால் சினை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, வீச்சு இவ்வளவு பெரிதாக இருப்பதால் எலைசாவில் (ஆன்டிபாடி பூசிய தட்டில் புரதத்தை அளக்கும் முறை) ஒரே நீர்ப்பு அளவு போதாது. சாதாரண எலிக்குப் பொருந்தும் நீர்ப்பில் மூட்டுவாத எலியின் சீரம் அளவுகோலைத் தாண்டி மேலே போய் நிற்கும். முதலில் இரண்டு, மூன்று சீரத்தை வைத்து ஒத்திகை பார்த்துவிட்டு முழுத் தட்டுக்குப் போவது நல்லது. எலைசா தட்டு விலை கல்லூரி பட்ஜெட்டுக்கு அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பணம் இடித்தால் ஹாப்டோகுளோபின். இரண்டு முதல் ஐந்து மடங்கு ஏறும். ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் குணத்தை வைத்து, சாயம் மாற்றும் எளிய முறையில் அளக்கலாம். எலிக்கென்று தனி ஆன்டிபாடி தேவையில்லை. ஆனால் ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்து சீரம் ரோஸ் நிறமாகிவிட்டால் அந்தச் சீரமே வீண். கண் ஓரத்தில் எடுப்பவர்கள், வாலில் பிழிந்து எடுப்பவர்கள் எல்லாருக்கும் இது அடிக்கடி நடக்கும். வாலைப் பிழியாதீர்கள், வெதுவெதுப்பாக்கி ரத்தம் தானாக இறங்க விடுங்கள். ஃபைப்ரினோஜெனும் நல்ல புரதம்தான், இரண்டு, மூன்று மடங்கு ஏறும். சீரத்தில் கிடைக்காது, சிட்ரேட் போட்ட பிளாஸ்மா வேண்டும். இதை முன்கூட்டியே நினைத்து வைக்காதவர்களுக்குக் கடைசி நாளில் கைவிட்டுப் போகும்.

ஆல்ஃபா-1 ஆசிட் கிளைக்கோபுரோட்டீனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எலியில் இதுவும் பத்து மடங்கு அளவில் ஏறும், அளப்பதும் சிரமமில்லை. ஆனால் எலியின் கல்லீரலில் இந்தப் புரதத்துக்கான ஜீன், ஸ்டீராய்டு ஹார்மோனுக்கு நேரடியாகவே கட்டுப்பட்டது. ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் கொடுத்தால் அழற்சி இல்லாமலேயே இது ஏறக்கூடும். உங்கள் ஒப்பீட்டு மருந்து டெக்சாமெத்தசோன் என்று வைத்துக்கொள்வோம். பாத வீக்கம் அழகாக வடிந்திருக்கும், எலி நிமிர்ந்து நடக்கும், இந்தப் புரதம் மட்டும் இறங்க மறுக்கும். மாணவர் என்ன எழுதுவார்? "டெக்சாமெத்தசோன் உடல் முழுவதற்குமான அழற்சியைக் கட்டுப்படுத்தவில்லை, எங்கள் மூலிகைச் சாறு கட்டுப்படுத்தியது." வாக்கியம் கவர்ச்சியாக இருக்கிறது, முழுத் தப்பு.

இந்தச் சிக்கலில் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் முற்றிலும் தப்பித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இன்டர்லூக்கின்-6 வந்து கதவைத் தட்டினாலும், கல்லீரல் முழுதாகப் பதில் சொல்ல உடம்பில் ஸ்டீராய்டு இருந்தாக வேண்டும். ஸ்டீராய்டு மருந்து இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்கிறது. மூட்டில் செய்தி கிளம்புவதையே அடக்குகிறது. கிளம்பி வந்த செய்திக்குக் கல்லீரலின் காதைக் கூர்மையாக்குகிறது. ஆகவே ஸ்டீராய்டு குழு உங்கள் ஆய்வில் இருந்தால், கல்லீரல் புரதம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மூட்டின் திசுப் பரிசோதனையையும், முடிந்தால் இன்டர்லூக்கின்-6 அளவையும் பக்கத்தில் வையுங்கள்.

மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைப் பட்டைகளாகப் பிரிக்கும் எலெக்ட்ரோஃபோரசிஸை நான் இன்னும் விட்டுவிடவில்லை. அகரோஸ் ஜெல்லிலோ செல்லுலோஸ் அசிட்டேட் தாளிலோ சாதாரண எலியையும் மூட்டுவாத எலியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுச் சாயம் ஏற்றிக் கழுவும்போது, ஆல்புமின் பட்டை மெலிந்திருப்பதும் ஆல்ஃபா-2 இடத்தில் புதிதாக ஒரு கனத்த கோடு விழுந்திருப்பதும் கண்ணெதிரே தெளியும். எந்தப் புரதம் எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது, ஒரு பட்டைக்குள் பல புரதங்கள் இருக்கின்றன. இருந்தாலும் மருந்துக் குழுவின் கோடு இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. எலைசா வாங்க முடியாத கல்லூரிக்கு ஆல்புமின், ஹாப்டோகுளோபின், இந்தப் பட்டை மூன்றும் சேர்ந்தால் மரியாதையான ஆய்வுதான்.

சரி, மருந்துகள்.

ஒப்பீட்டு மருந்தாக நம்மூரில் வைப்பது இன்டோமெத்தசின், டைக்ளோஃபினாக், டெக்சாமெத்தசோன், மெத்தோட்ரெக்ஸேட் இவற்றில் ஒன்று. எது கைவசம் இருக்கிறதோ அதை எடுப்பதுதான் வழக்கம். ஆனால் ஒவ்வொன்றும் ரத்தப் புரதத்தைத் தனக்கே உரிய விதத்தில் கலைக்கிறது.

இன்டோமெத்தசின் என்ற வலிமாத்திரை எலியின் அட்ஜுவன்ட் மூட்டுவாதத்தில் மிக நன்றாக வேலை செய்யும். வீக்கத்தோடு சேர்த்து அவசரப் புரதங்களையும் இறக்கும். மனிதரில் இப்படி இல்லை. வலிமாத்திரை வலியைக் குறைக்கும், முடக்குவாதக்காரரின் ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் பெரிதாகக் குறைவதில்லை. அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற நோயின் போக்கை மாற்றும் மருந்து வேண்டும். எலியில் ஏன் வலிமாத்திரையே போதுமானதாகிறது? 1996இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில் தந்தது. அட்ஜுவன்ட் எலிக்கு காக்ஸ்-2 நொதியை (புரோஸ்டாகிளாண்டின் என்ற அழற்சிப் பொருளைச் செய்வது) மட்டும் தடுக்கும் பொருளைக் கொடுத்தபோது, பாதத்திலும் ரத்தத்திலும் இன்டர்லூக்கின்-6 குறைந்தது. அதாவது இந்த எலி நோயில் புரோஸ்டாகிளாண்டின்தான் இன்டர்லூக்கின்-6ஐத் தூண்டிவிடுகிறது. புரோஸ்டாகிளாண்டின் அடங்கினால் கல்லீரலுக்குப் போகும் செய்தியும் அடங்கிவிடும்.

இதனால் கிடைக்கும் முடிவு மாணவர்களுக்குக் கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். உங்கள் சாறு அட்ஜுவன்ட் எலியில் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலினை இறக்கியது என்பதால் அது மெத்தோட்ரெக்ஸேட் வகை மருந்து ஆகிவிடாது. இன்டோமெத்தசினும் அதைத்தான் செய்கிறது. "நோயையே மாற்றுகிறது" என்று எழுத எலும்பும் குருத்தெலும்பும் சாட்சி சொல்ல வேண்டும்.

இன்டோமெத்தசினின் இன்னொரு முகம் எலியின் குடல். சிறுகுடல் புண்ணை ஆய்வு செய்பவர்கள் எலிக்குப் புண் வரவைக்கவே கிலோவுக்கு 10 மி.கி. இன்டோமெத்தசின் ஊசி போடுகிறார்கள். இந்த மருந்து பித்தத்தோடு குடலுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். எலிக்குக் குடல் தாங்காது. மூட்டுவாத ஆய்வில் கொடுப்பது இதைவிடக் குறைந்த அளவு, கிலோவுக்கு 1 மி.கி. அளவில். ஆனால் இரண்டு, மூன்று வாரம் தினமும் கொடுக்கிறோம். புண் வழியாக ஆல்புமின் கசியும். புண்ணே ஓர் அழற்சி என்பதால் அவசரப் புரதம் மறுபடி ஏறும். பாதம் வடிந்திருக்கும்போது புரதம் மட்டும் மோசமாகத் தெரிந்தால் வயிற்றைத் திறந்து சிறுகுடலை ஒரு கை நீளத்துக்கு விரித்துப் பாருங்கள். ஒட்டிக்கிடக்கும் வளையங்களைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிடும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்பவர்கள் காக்ஸ்-2ஐக் குறிவைக்கும் செலிகாக்சிபுக்கு மாறலாம், குடல் சேதம் அதில் குறைவு. புரதத்தை முக்கிய அளவீடாக வைக்கும் ஆய்வுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

மெத்தோட்ரெக்ஸேட்டில் கவலை கல்லீரல். ஆனால் இது மெத்தோட்ரெக்ஸேட்டோடு நிற்பதில்லை, நம்மூரில் பரிசோதிக்கும் எந்த மூலிகைச் சாற்றுக்கும் பொருந்தும். யோசித்துப் பாருங்கள். அவசரப் புரதங்கள் எல்லாவற்றையும் செய்வது கல்லீரல். கல்லீரல் செல்களை நசுக்கும் ஒரு பொருளைக் கொடுத்தாலும் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் இறங்கும், ஹாப்டோகுளோபின் இறங்கும். நோய் குணமாகவில்லை, சமையற்கட்டே மூடிவிட்டது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் அருமையான அழற்சி எதிர்ப்பு மருந்து கிடைத்துவிட்டது என்று தோன்றும்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும். ஏறும் புரதம் ஒன்று, இறங்கும் புரதம் ஒன்று, இரண்டையும் ஒரே எலியின் ஒரே சீரத்தில் ஜோடியாக அளப்பது. நோய் உண்மையிலேயே அடங்கினால் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் இறங்கும், அதே எலியில் ஆல்புமின் ஏறும். கல்லீரல் கெட்டாலோ எலி பட்டினி கிடந்தாலோ இரண்டுமே இறங்கும். குடல் புண் என்றால் ஆல்புமின் இறங்கி, அவசரப் புரதம் ஏறும். ஒவ்வொரு எலியையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்து, ஓர் அச்சில் ஆல்புமின், இன்னோர் அச்சில் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்று போட்டால் எந்தக் குழு எங்கே போய் உட்கார்கிறது என்று உடனே தெரியும். சராசரிப் பட்டை வரைபடம் இதை மறைத்துவிடும். கூடவே கல்லீரல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி, ஏஎஸ்டி நொதிகளைப் பார்ப்பது பெரிய செலவில்லை.

பட்டினி என்று சொன்னேனே, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்கால் இரண்டும் வீங்கிய எலியால் எம்பி நின்று கூண்டின் மேல்தட்டில் இருக்கும் தீவனத்தைக் கடிக்க முடியாது. தண்ணீர் குழாயின் நுனியும் எட்டாது. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து, பாதத்தைத் தரையில் வைக்காமல் உட்கார்ந்திருக்கும். அதன் ஆல்புமின் இறங்குவதில் எவ்வளவு மூட்டுவாதம், எவ்வளவு பசி என்று யார் பிரிப்பது? தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்து ஒரு தட்டில் கூண்டின் தரையிலேயே வையுங்கள், தண்ணீர் புட்டியின் குழாயை நீளமாக்குங்கள், படுக்கையை மெத்தென்று ஆழமாகப் போடுங்கள். எல்லாக் குழுவுக்கும், ஆரோக்கியமான குழுவுக்கும் சேர்த்து. எலிக்கும் நல்லது, உங்கள் எண்ணுக்கும் நல்லது.

புரதங்கள் மாறுவதால் மருந்தே வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பது இன்னொரு பக்கம். இன்டோமெத்தசின் போன்ற அமில மருந்துகள் ரத்தத்தில் ஆல்புமினைப் பற்றிக்கொண்டு போகின்றன. ஆல்புமின் குறைந்த எலியில் பிடியில்லாமல் திரியும் மருந்தின் பங்கு கூடும். கார வகை மருந்துகளுக்கு நேர் எதிர். ஏறியிருக்கும் ஆல்ஃபா-1 ஆசிட் கிளைக்கோபுரோட்டீன் அவற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். அட்ஜுவன்ட் எலியின் சீரத்தில் புரோப்ரனலால் என்ற கார மருந்து கூடுதலாகப் பிணைக்கப்படுவது 1980களின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டது. மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளும் மூட்டுவாத எலியில் மந்தமாகிவிடுகின்றன. ஆரோக்கியமான எலியில் பார்த்து முடிவு செய்த அளவை அப்படியே மூட்டுவாத எலிக்குக் கொண்டுபோனால் குடல் புண் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எலிக்கு நோய் வரவைக்கும் முறை எது என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. கராஜீனன் என்ற கடற்பாசிப் பொருளை ஏற்றி வரவைக்கும் பாத வீக்கம் ஒரே நாள் வேலை, மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் உச்சம். அந்த நேரத்துக்குள் கல்லீரல் புரதம் செய்து ரத்தத்தில் சேர்த்திருக்காது. நாலாம் மணி நேரத்தில் ரத்தம் எடுத்து அவசரப் புரதம் பார்ப்பது அர்த்தமற்றது. குருத்தெலும்பில் இருக்கும் இரண்டாம் வகைக் கொல்லாஜன் புரதத்தை ஏற்றும் முறை, 1977இல் வந்தது, மனித முடக்குவாதத்துக்கு இன்னும் நெருக்கம். ஆனால் நல்ல கொல்லாஜன் விலை அதிகம், நோய் எல்லா எலிக்கும் சமமாக வருவதில்லை. கொல்லாஜனுக்கு எதிரான ஆன்டிபாடியும் சேர்ந்து ஏறுவதால் காமா குளோபுலின் கனக்கும், ஆல்புமின்-குளோபுலின் விகிதத்தைப் படிக்கும்போது அதையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்வீடனில் 1990களில் உருவான, பிரிஸ்டேன் என்ற எண்ணெயை ஏற்றும் முறை நாள்பட்ட நோயைக் காட்டும். அங்கே ஆல்ஃபா-1 ஆசிட் கிளைக்கோபுரோட்டீனை அழற்சிக்கும், கோம்ப் என்ற குருத்தெலும்புப் புரதத்தை மூட்டுச் சேதத்துக்கும் தனித்தனியாக அளந்தார்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். முதுகலை ஆய்வுக்கு அட்ஜுவன்ட் போதும்.

எலி இனத்தையும் பாருங்கள். லூயிஸ் எலிக்கு அட்ஜுவன்ட் மூட்டுவாதம் தவறாமல் வரும். அதன் மூளையும் அட்ரீனல் சுரப்பியும் சேர்ந்து எழுப்பும் ஸ்டீராய்டு பதில் பலவீனமானது என்பது ஒரு காரணம். ஃபிஷர் எலி எளிதில் பணியாது. நம் கையில் கிடைக்கும் விஸ்டார் இரண்டுக்கும் நடுவில், ஒன்றுக்கு நன்றாக வரும், பக்கத்துக் கூண்டில் ஒன்றுக்கு வரவே வராது. பதினான்காம் நாள் வரை காத்திருந்து, நோய் வந்த எலிகளை மட்டும் வீக்க அளவு சமமாகும்படி குழு பிரித்து, அதன் பிறகு மருந்து தொடங்குவது இதற்காகவும்தான். முதல் நாளிலிருந்தே மருந்து கொடுத்தால், பாக்டீரியாவுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தியையே அடக்கிய மருந்துகூட மூட்டுவாத மருந்து மாதிரி ஜொலிக்கும்.

ரத்தம் எடுக்கும் நாள்களுக்கும் இதே கணக்கு. ஊசிக்கு முன் ஒன்று, மருந்து தொடங்கும் பதினான்காம் நாள் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் கடைசி ஒன்று. மூன்றாம் நாளில் எடுக்காதீர்கள், அன்று ரத்தத்தில் இருப்பது எண்ணெய்க்கும் ஊசிக்குமான முதல் அலை. 200 கிராம் எலியின் உடம்பில் மொத்தமே சுமார் 13 மி.லி. ரத்தம்தான். ஒரே தடவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொது விதி. இடையில் எடுக்கும்போது அரை மி.லி.யோடு நிறுத்திக்கொண்டால் எலி தாங்கும், விலங்கு நெறிமுறைக் குழுவும் கேள்வி கேட்காது. அந்த அரை மி.லி.யில் கால் மி.லி. சீரம் கிடைக்கும். ஆல்புமினுக்கும் ஹாப்டோகுளோபினுக்கும் எலைசாவுக்கும் அது தாராளம், நீர்த்துத்தானே பயன்படுத்துகிறோம்.

ஆக, பணம் இருந்தால் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் எலைசாவும் ஆல்புமினும், ஒப்பீட்டுக்கு செலிகாக்சிப். பணம் இல்லையென்றால் ஹாப்டோகுளோபின், ஆல்புமின், எலெக்ட்ரோஃபோரசிஸ் பட்டை. இன்டோமெத்தசின் வைத்தால் ஒவ்வொரு எலியின் குடலையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். டெக்சாமெத்தசோன் குழு இருந்தால் ஆல்ஃபா-1 ஆசிட் கிளைக்கோபுரோட்டீன் வேண்டவே வேண்டாம். சிஆர்பி எந்த நிலையிலும் வேண்டாம். கைடு கேட்டால், நோயற்ற எலியின் சிஆர்பி எண்ணையும் மனிதருடையதையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்.

பிரித்த சீரத்தை ஒரே குழாயில் வைத்து உறையவைக்காமல் 50 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, எலி எண்ணும் நாளும் எழுதி மைனஸ் 80இல் போட்டுவிடுங்கள். எலைசா தட்டு அளவுகோலைத் தாண்டிப் போகும் நாளில் அந்தச் சின்னக் குழாய்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.